ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவாரா? பதிவு அலுவலகத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் வட்டாரப் பதிவு அலுவலகத்தின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினீர்கள். மாதம் ஒரு முறை தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நடமாடும் முகப்பு (கவுண்டர்) இனி வராது என்கிறது அது. அதைவிடப் பெரிய இடி அதன் கீழே இருக்கிறது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வீர்களாம். ஒத்துப்போகாதவர்கள் தோட்டத்தின் மூலப் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

இந்த மடலின் மலாய்ப் பிரதியை உங்கள் முகப்பில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், அந்த அறிவிப்பால் அலையப் போகிறவர்கள் தங்கள் சார்பில் என்ன கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன் நான். பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டம் விற்றுப்போன பிறகு மலிவு வீடுகளுக்குக் குடிவந்தவர்களிடமிருந்தும் உங்கள் முகப்புக்கு வரும் காகிதங்களில் பெரும்பகுதி முதலில் என் கண்ணாடி மேல் படுத்துவிட்டுத்தான் வருகிறது. அதனால் சொல்கிறேன்: நீங்கள் கேட்கும் அந்த ஒற்றுமை எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருக்காது. அதைக் கெடுத்தது அவர்கள் இல்லை.

மூலப் பதிவேடு என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் பிறந்த தோட்டம் கை மாறி, கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட ஆண்டில் ஆபீசையும் காலி செய்தார்கள். செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகங்கள், ஆஸ்பத்திரிப் பிரசவப் புத்தகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் பெயர்ப் பட்டியல் எல்லாம் ஆபீசுக்குப் பின்னால் குவிக்கப்பட்டன. எரித்ததை நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். புத்தக அட்டை தடிமன், சீக்கிரம் பிடிக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது. எந்தப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்கிறீர்கள், துவான் (ஐயா)?

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலாவது வீட்டில் இருந்தவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, பொதுவில் போட அவருக்குச் சம்மதமில்லை. 1955-இல் அதே லயத்தில் பிறந்தவர். அவருடைய தம்பி மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு, அதே வீட்டில், அதே மருத்துவச்சி கையில் பிறந்தார். 1957 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் தம்பிக்குக் குடியுரிமை தானாக வந்தது. அத்தைக்கு அவருடைய அப்பா மனுப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. தம்பியிடம் நீல அட்டை, அக்காவிடம் சிவப்பு அட்டை. 1968-ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டிய நிலை வந்தபோது, பதினைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு அந்தச் சிவப்பின் அர்த்தம் வீட்டில் நடந்த அழுகையிலிருந்துதான் புரிந்ததாம். அந்த நாளில் கப்பலேறிப் போன குடும்பங்களை இன்றும் பெயர் சொல்லி வரிசையாகச் சொல்வார்.

சென்ற மாதம் நீல அட்டைக்கான மனுவோடு அத்தையை உங்கள் முகப்புக்கு அழைத்து வந்தேன். முகப்பில் இருந்த இளம் அதிகாரி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்புப் பத்திரத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனா நுனியால் இரண்டையும் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். ஆறாவது எழுத்தில் பேனா நின்றது. பத்திரத்தில் அந்த எழுத்து இரட்டித்திருக்கிறது, அட்டையில் ஒற்றை. காகிதத்தைத் திருப்பி வைத்து, “இது வேறு ஆள், மாக்சிக் (அத்தை)” என்றார்.

அத்தை மலாயிலேயே திருப்பிக் கேட்டார்: “வேற ஆளா? அப்படின்னா அவளைக் கூட்டியா, நானும் பாக்குறேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் மனு திரும்பி வந்துவிட்டது.

அதற்கு முன்பே இன்னொன்று நடந்தது. கட்டைவிரலை வைக்கச் சொன்ன கருவி அத்தையின் விரலைப் படிக்கவே இல்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார், படிக்கவில்லை. ஈரத் தாள் கொடுத்தார்கள், அதற்கும் இல்லை. அடுத்த கை, அதுவும் இல்லை. அந்த விரலை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரேகை இருக்க வேண்டிய இடம் தேய்ந்த படிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. சிறுவயதில் பால் வெட்டு, பிறகு காலமெல்லாம் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடிப்பு, கடைசியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கல். அவர் அடித்த களைக்கொல்லிகளில் பாராகுவாட்டும் ஒன்று. அதை 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். தடை வந்தபோது அத்தை வேலையிலிருந்து நின்றே பல காலம் ஆகியிருந்தது. ஆக, இந்த நாட்டின் மண்ணில் உழைத்துத் தேய்ந்த விரல், அதே காரணத்துக்காக இந்த நாட்டின் கருவிக்கு முன் செல்லாமல் போகிறது. கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்த எழுத்துக் குழப்பம் எப்படி வந்தது என்பதை உங்கள் இளம் அதிகாரிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர் பெயரைக் கங்காணி வாயால் சொன்னார். ஆபீசில் கிராணி (குமாஸ்தா) அதை ஆங்கில எழுத்தில் எழுதினார். கிராணிமாரில் யாழ்ப்பாணத்துக்காரரும் உண்டு, மலையாளத்துக்காரரும் உண்டு. அவரவர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார்கள். பிள்ளை பிறந்தால் பதிய வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருந்த காலமும் உண்டு. அங்கே எழுதியவர் மலாய்க்காரர். 1948-இல் அவசரகாலம் வந்து, ஆள் ஆளுக்குப் படமெடுத்து முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம், முள்வேலிக்குள், அவசர அவசரமாக. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் போராளிகள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்ததும் நடந்தது. மறுபடி எடுத்த அட்டையில் பெயர் வேறு மாதிரி இருந்தால், அதைப் பார்த்து ‘இது என் பெயர் இல்லையே’ என்று சொல்ல அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு 1972-இல் மலாய் எழுத்துமுறையே மாறியது. ‘சி எச்’ என்று எழுதிய ஒலிக்கு ‘சி’ மட்டும் போதும் என்றானது. யாருடைய பெயரையும் மாற்றச் சொல்லி உத்தரவு இல்லைதான், ஆனால் கேட்டு எழுதுகிற கைகளின் பழக்கம் மாறாமல் இருக்குமா?

லெட்சுமி என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல் ஈ டி’ என்று தொடங்குவதும் உண்டு, ‘எல் ஏ கே’ என்று தொடங்குவதும் உண்டு. ‘ஐ’யில் முடியும், ‘வை’யில் முடியும். பெருமாள் சில அட்டைகளில் முதல் உயிரெழுத்தைத் தொலைத்துவிட்டுப் ‘ப்ருமால்’ ஆகிவிட்டார். முன்பு அப்பா பெயருக்கு முன் ‘எஸ் ஓ’, ‘டி ஓ’ என்று போட்டார்கள். இப்போது ‘ஏ எல்’, ‘ஏ பி’. அதையும்கூட வேறுபாடு என்று வட்டம் போட்டு அனுப்பிய பாரம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. ‘மகன்’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ஓர் ஆள், மலாயில் சொன்னால் இன்னோர் ஆளா?

உங்கள் அறிவிப்பில் ‘இடென்டிட்டி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்குக் கட்டுரை அச்செடுக்க வந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அதே சொல்லைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். பக்கங்களை ஸ்டேப்ளர் அடிக்கும்போது படித்தேன், (படிப்பது என் தொழிலின் கெட்ட பழக்கம்) பிறகு அவளிடமே விளக்கமும் கேட்டேன். மலாய்க்கு அது ஆங்கிலத்திலிருந்து வந்ததாம், ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து. அடியில் இருப்பது ‘ஈடெம்’ என்ற சொல். பொருள்: ‘அதே’. நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் அதுவேதான் என்பது. ஆளைக் குறிக்கும் ‘பெர்சன்’ என்ற சொல்லோ நாடகக்காரர் போடும் முகமூடியிலிருந்து வந்தது, லத்தீனில் ‘பெர்சோனா’. தனியாள் என்பதற்கான ‘இன்டிவிஜுவல்’ என்றால் மூலத்தில் ‘பிரிக்க முடியாதது’. ஒருவர் இன்னார்தான் என்று சொல்ல ஆங்கிலத்துக்கு வாய்த்த சொற்களில் ஒன்று ‘அதே’ என்கிறது, ஒன்று முகமூடி என்கிறது, ஒன்று பிரிக்க முடியாதது என்கிறது. உங்கள் அலுவலகம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் ஆளிடம் தேடாமல் எழுத்திடம் தேடுகிறது.

அந்தக் கட்டுரையில் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞரும் வருகிறார். ‘அதே ஆள்’ என்றால் என்ன என்று 1694-இல் விரிவாக எழுதியவர். ஓர் இளவரசனின் ஆன்மா தன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவரின் உடம்புக்குள் போய்விட்டால், அந்த உடம்பில் இருப்பது யார் என்று கேட்கிறார். கூடு விட்டுக் கூடு பாயும் கதை நமக்குப் புதிதில்லை. அவர் சொன்ன விடைதான் எனக்குப் பிடித்தது: பழைய செயல்களைத் தன்னுடையவை என்று எவ்வளவு தூரம் உணர்கிறாரோ, அவ்வளவு தூரம் அவர் அதே ஆள். அந்தக் கணக்கில் அத்தையைச் சோதித்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டில் (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசையில்) யார் பக்கத்தில் யார் நின்றார்கள், எந்த நிரையில் எந்தக் கித்தா மரம் காற்றில் சாய்ந்தது, தன் தம்பி பிறந்த அன்று மழையில் மருத்துவச்சியைக் கூப்பிட யார் ஓடியது, எல்லாம் சொல்வார். அந்தப் பத்திரத்திலுள்ள பெண் ‘வேறு ஆள்’ என்றால், அவளுடைய வாழ்க்கை முழுவதும் இவருக்கு எப்படித் தெரிந்தது?

அறிஞர்களை விடுங்கள். நீங்கள் கொடுக்கும் அட்டைக்கு மலாயில் என்ன பெயர்? ‘காட் பெங்கெனாலான்’. ‘கெனால்’ என்றால் ஆளைத் தெரிந்திருப்பது. எங்கள் அத்தையை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. உங்கள் அட்டையின் பெயரே கேட்கிற அந்தச் சாட்சியைத்தான் உங்கள் அறிவிப்பு வேண்டாம் என்கிறது.

எண் என்று ஒன்றும் இருக்கிறது. 1990 முதல் எல்லாருக்கும் பன்னிரண்டு இலக்கம் தந்திருக்கிறீர்கள். முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், எங்களுக்கு 08, பேராக். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பழைய அட்டையைக் கொடுத்துத்தான் புதியதை வாங்கினோம். 2001-இல் மைகார்டு வந்தபோதும் அப்படியே, சில்லுக்குள் கைரேகை வரை போனது. ஒவ்வொரு முறையும் உங்கள் இலாகாதான் ஆளைப் பார்த்து, ‘அதே ஆள்’ என்று ஒப்புக்கொண்டு, அடுத்த அட்டையைக் கொடுத்தது. அப்போதெல்லாம் கண்ணில் படாத ஓர் எழுத்து இப்போது மட்டும் எப்படி ஆளை விழுங்குகிறது?

இது வயதானவர்கள் பிரச்சினை, கொஞ்ச நாளில் தானாகத் தீர்ந்துவிடும் என்று யாராவது நினைத்தால், அது தவறு. கோவிலில் தாலி கட்டி, விருந்து போட்டு, பதியாமல் விட்ட திருமணங்கள் இன்னும் நடக்கின்றன. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துப் போகிறது. தாயின் காகிதத்தில் தகராறு என்றால் பிள்ளைக்கும் தகராறு. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மக்லுமாட் திடாக் டிபெரோலேஹி’, விவரம் பெறப்படவில்லை. அப்பா அந்தப் பத்திரத்தின் நகலை எடுக்க என் கடையில் வந்து நிற்கிறார், பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். விவரம் பெறப்படவில்லையாம். இந்தப் பிள்ளை பள்ளியில் சேரும்போது, பரீட்சை எழுதும்போது, வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நடமாடும் முகப்பை நிறுத்தியது இங்கேதான் அதிகம் வலிக்கும். அது தோட்டத்துக்கு வரும் நாளில் கோவில் மண்டபத்தில் மேசை போடுவார்கள். சாட்சி சொல்லக்கூடிய கிழவர்கள் அங்கேயே திண்ணையில் இருப்பார்கள். தாலி கட்டும்போது நாதஸ்வரம் வாசித்தவர்கூட இருப்பார். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் பஸ் நின்றுபோய்விட்டது. வாடகைக் காருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், வேலைக்குப் போகாத நாளுக்கு இன்னொரு கூலி. நீதிமன்றம் என்று நீங்கள் ஒரு வார்த்தையில் முடிப்பது அவர்களுக்கு ஈப்போவும் வக்கீலும் கடனும்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பதிவேட்டிலுள்ள பிழைகளைத் திருத்த வழி வைத்திருக்கிறது. சத்தியப் பிரமாணம் எடுக்க 1960-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வழி இருந்தும் அதன் குறுக்கே ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே, கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். எண்ணும் பிறந்த தேதியும் பெற்றோரும் ஒத்துப்போய், பெயரின் எழுத்து மட்டும் மாறியிருந்தால், சத்தியப் பிரமாணமும் நேரில் அறிந்த இருவரின் சாட்சியும் போதும் என்று முகப்பு அதிகாரிகளுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். பிழை உங்கள் பக்கத்துப் பதிவில் நடந்திருந்தால், திருத்தக் கட்டணம் வாங்காதீர்கள். ரேகை படிக்காத விரலோடு வருபவர்களை ‘பிறகு வாருங்கள்’ என்று அனுப்பாமல், முகத்தைப் பார்த்தும் சாட்சியை வைத்தும் வேலையை அன்றே முடிக்கும் முறையை ஏற்படுத்துங்கள். நடமாடும் முகப்பை மறுபடி அனுப்புங்கள். மாதம் ஒரு முறை முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது. அதில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைப் பதியும்போது, அச்சடிப்பதற்கு முன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெற்றோருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

தோட்ட நிறுவனங்களின் பதிவேடுகளைப் பற்றியும் ஒரு கோரிக்கை. மிஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் பிரசவப் புத்தகங்களையும் எரிக்காமல் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கும்படி இந்த வட்டாரத்திலுள்ள எல்லாத் தோட்ட நிர்வாகங்களுக்கும் உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போக வேண்டும். 1942-இலும் 43-இலும் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போட ஜப்பானியர் இழுத்துப்போன எங்கள் ஆட்களுக்குக் காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்கு இருப்பதுபோல் பெயர் வெட்டிய கல் வரிசை கிடையாது. பல குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு, மேஸ்திரி கணக்கில் பேர் போட்ட அந்தச் செக்ரோல் வரிதான் மிச்சம். எங்கள் தோட்டத்துப் புத்தகம் போய்விட்டது, மற்றதாவது தப்பட்டும்.

கடைசியாக, அத்தையின் மனுவை மறுபடி திறந்து, விசாரணைக்கு ஒரு தேதி கொடுங்கள். அவர் பிறந்ததை அறிந்த சாட்சிகள் மூன்று பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். மூவருக்கும் எண்பது தாண்டிவிட்டது, அதனால் தேதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள போட்டோஸ்டாட் கடைக்காரன்